பீட்டாரெக்: விழுக்காட்டுத் தரவுக்கென்றே எழுதப்பட்ட ஆர் தொகுப்பு, ஒரு பயனரின் மதிப்புரை

பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே அடைபட்ட எண்களோடுதான் என் வேலைநேரத்தின் பெரும்பகுதி போகிறது. இலைப்பரப்பில் நோய் தாக்கிய விழுக்காடு, குடும்ப வருமானத்தில் உணவுக்குச் செலவான பங்கு, ஒரு நாளில் இயந்திரம் ஓடிய நேரத்தின் பங்கு என்று கோப்புகள் வந்துகொண்டே இருக்கும். இவற்றைச் சாதாரண நேர்கோட்டு மாதிரியில் போட்டுவிட்டு, கணினி மைனஸ் 3 விழுக்காடு என்றோ 104 விழுக்காடு என்றோ விடை சொல்லும்போது அதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று விழித்திருக்கும் அனுபவம் இத்துறையில் பலருக்கும் உண்டு. அந்தச் சங்கடத்துக்கு மருந்தாக, புள்ளியியல் கணக்குக்கான ஆர் என்ற கணினி மொழியில் கிடைக்கும் ‘பீட்டாரெக்’ தொகுப்பைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

இதன் அடிப்படைக் கருத்தை 2004-இல் பிரேசிலைச் சேர்ந்த சில்வியா ஃபெராரியும் ஃபிரான்சிஸ்கோ கிரிபாரி-நெட்டோவும் வெளியிட்டார்கள். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட மதிப்புகளை மட்டுமே எடுக்கக்கூடிய பீட்டா பரவலை, சராசரி, துல்லியம் (இது கூடினால் சிதறல் குறையும்) என்ற இரண்டு பண்பளவைகளைக் கொண்டு, அதாவது பரவலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண்களைக் கொண்டு மாற்றி எழுதி, சராசரியை மற்ற மாறிகளோடு இணைத்துவிடுவதுதான் அவர்கள் செய்தது. அதை ஆர் பயனர்கள் எளிதாகக் கையாளும் தொகுப்பாக்கி 2010-இல் விரிவாக அறிமுகப்படுத்தியவர்கள் கிரிபாரி-நெட்டோவும் இன்ஸ்ப்ரக் பல்கலைக்கழகத்தின் அகிம் சைலைஸும். 2012-இல் பெட்டினா குரூனும் யோவானிஸ் காஸ்மிடிஸும் சேர்ந்தபின், சிறு தரவில் வரும் ஒருபக்கச் சாய்வைக் குறைக்கும் பிறழ்ச்சி திருத்திய மதிப்பீடு, தரவைக் கிளைகிளையாகப் பிரித்துப் பார்க்கும் மர மாதிரி, தரவுக்குள் மறைந்திருக்கும் குழுக்களைப் பிரித்தறியும் கலப்பு மாதிரி ஆகியவையும் உள்ளே வந்தன. விலை எதுவும் இல்லை. இணைய இணைப்பு இருந்தால் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம்.

புதிய கருவி எதுவானாலும் அதனுடன் வரும் பழகுதரவில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் சொந்தத் தரவுக்குக் கொண்டுபோவதில்லை என்பது என் பழக்கம். பீட்டாரெக்குடன் வரும் தரவுகளில் மூத்தது, 1956-இல் பிரேட்டர் வெளியிட்ட பெட்ரோல் விளைச்சல் அட்டவணை. பத்து வகைக் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பிரித்தபின் அதில் எவ்வளவு பங்கு பெட்ரோலாயிற்று என்பதை 32 வரிசைகளில் தருகிறது. வெப்பநிலை 205 முதல் 444 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகிறது. விளைச்சலோ 2.8 முதல் 45.7 விழுக்காடு வரைதான்.

முதலில் நேர்கோட்டு மாதிரியையே போட்டுப் பார்த்தேன். எண்ணெய் வகைக்கு ஒரு பங்கு, வெப்பநிலைக்கு ஒரு பங்கு என்று பிரித்தால், ஒரு டிகிரிக்கு 0.159 விழுக்காட்டுப் புள்ளி வீதம் விளைச்சல் ஏறுகிறது. பொருத்தம் பார்வைக்கு மிக நன்றாகவே இருக்கிறது. குறை சொல்ல எதுவுமில்லை என்று எழுந்துவிடத் தோன்றும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஏழாவது வகை எண்ணெயை 235 டிகிரியில் காய்ச்சிய வரிசையை எடுத்துப் பாருங்கள். அங்கே உண்மையில் அளந்த விளைச்சல் 2.8 விழுக்காடு. நேர்கோடு சொல்வது மைனஸ் 0.4. இது தரவுக்கு வெளியே எங்கோ நீட்டிப் பார்த்த இடத்தில் நேர்ந்த விபத்தன்று. கையில் இருக்கும் 32 வரிசைகளுக்குள்ளேயே, மாதிரி எந்தத் தரவைப் பார்த்துக் கற்றதோ அந்தத் தரவிலேயே, எண்ணெயைக் காய்ச்சினால் பெட்ரோல் குறையும் என்று அது சொல்கிறது.

அதே தரவைப் பீட்டாரெக்கில் கொடுத்தால் அந்த வரிசைக்கு 4.6 விழுக்காடு என்று வருகிறது. எண் இப்போது வரம்புக்குள் இருக்கிறது என்றாலும், 2.8 எங்கே, 4.6 எங்கே என்று கேட்பவரிடம் சண்டை போட முடியாது. மறுமுனையில், முதல் வகை எண்ணெயை 407 டிகிரியில் காய்ச்சிய நான்காவது வரிசையில் அளந்தது 45.7, மாதிரி சொல்வது 50.8. இரண்டு முனையிலும் மாதிரி மேலே தவறுகிறது என்றால், சராசரியையும் வெப்பநிலையையும் கட்டிப்போடும் இணைப்புச் சார்பு சரியில்லை என்று பொருள். பீட்டாரெக் தானாக எடுத்துக்கொள்ளும் லாஜிட் இணைப்பு (பங்கை, ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியால் வகுத்து மடக்கை எடுப்பது) 50 விழுக்காட்டின் இருபுறமும் ஒரே மாதிரி வளைவது. இந்தத் தரவோ அப்படி வளையவில்லை. இணைப்பை, இருபுறமும் வேறுவேறாக வளையும் லாக்லாக் என்று மாற்றியதும், பொருத்தத்தை அளக்கும் போலி ஆர்-வர்க்கம் (ஒன்றை நெருங்கினால் நல்லது) 0.962-இலிருந்து 0.985-க்கு ஏறிவிடுகிறது. மாற்றுவதற்கு ஒரே ஒரு சொல் போதும். லாஜிட், ப்ராபிட், லாக்லாக், அதன் மறுதலை, கௌசிட் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்து ஒப்பிடுவதற்கு இத்தனை குறைந்த உழைப்பு தேவைப்படுவதை இத்தொகுப்பின் முதல் சிறப்பாகக் கருதுகிறேன். ‘விழுக்காடு என்றால் லாஜிட்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்கள் இந்த ஒரு பயிற்சியையாவது செய்துபார்க்க வேண்டும்.

ஒரு மாறி ஓர் அலகு ஏறினால் விளைவு எவ்வளவு நகரும் என்று மாதிரி சொல்லும் எண்களான கெழுக்களைப் படிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். லாஜிட் மாதிரியில் வெப்பநிலையின் கெழு ஏறத்தாழ 0.011. ‘ஒரு டிகிரிக்கு 1.1 விழுக்காடு கூடுகிறது’ என்று அறிக்கையில் எழுதிவிட்டால் கதை முடிந்தது. பத்து டிகிரி ஏற்றினால், 20 விழுக்காட்டில் இருந்த விளைச்சல் 21.8 ஆகும். 40-இல் இருந்தது 42.7 ஆகும். அதாவது ஒரே கெழு, நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறுவேறு ஏற்றத்தைத் தருகிறது. விளிம்பை நெருங்க நெருங்க ஏற்றம் சுருங்குகிறது. வரம்புள்ள மாறியின் இயல்பே அதுதான். ஆனால் பீட்டாரெக்கின் சுருக்க அட்டவணை இதில் எதையும் சொல்லாமல் கெழுக்களை மட்டும் லாஜிட் அளவில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. விழுக்காட்டு அளவில் பேசும் விடை வேண்டுமென்றால் கணிப்புக் கட்டளையை நாமே தனியாக ஓட்ட வேண்டும். இது சிறு குறைதான். ஆயினும் இதனால் தவறாக எழுதப்பட்ட அறிக்கைகளைத் திருத்திக் கொடுத்த நேரத்தைக் கூட்டினால் சிறிதாக வராது.

இதைவிடப் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. விழுக்காட்டுத் தரவில் சராசரி மட்டும் வரம்புக்குட்பட்டதன்று, சிதறலும் அப்படித்தான். 50 விழுக்காட்டின் அருகே எண்கள் இருபுறமும் தாராளமாகப் பரவலாம். 3 விழுக்காட்டின் அருகே கீழே போக இடமில்லை. எனவே ஒரே அளவான சிதறலை எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்ளும் நேர்கோட்டு மாதிரி, கணிப்பு வரம்புக்குள் விழும்போதுகூடத் தன் நம்பிக்கை இடைவெளியைத் தவறாகவே சொல்லும். பீட்டா பரவலில் சராசரியை, ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியால் பெருக்கி, துல்லியத்தோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்தால் பரவற்படி கிடைக்கிறது. பெட்ரோல் தரவில் துல்லியம் ஏறத்தாழ 440. அதன்படி 20 விழுக்காட்டு விளைச்சலில் திட்டவிலக்கம் 1.9 புள்ளி என்றால், 5 விழுக்காட்டில் அது ஒரு புள்ளியாகக் குறைந்துவிடுகிறது. இதற்காக நாம் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதே தரவில் மேலே சொன்ன நான்காவது வரிசையை மட்டும் நீக்கினால் துல்லியம் 440-இலிருந்து 578-க்குத் தாவுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 32-இல் ஒன்று இவ்வளவு ஆட்டிவைக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் எச்ச வரைபடங்களையும் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வேறுபாடு) குக் தொலைவையும் (ஒரு வரிசையை நீக்கினால் மாதிரி எவ்வளவு நகரும் என்ற அளவு) தொகுப்பே வரைந்து தருகிறது. அவற்றைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

அந்தத் துல்லியம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை. மாதிரியை எழுதும்போது ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதன் இடப்பக்கம் சராசரியைத் தீர்மானிக்கும் மாறிகளையும் வலப்பக்கம் துல்லியத்தைத் தீர்மானிக்கும் மாறிகளையும் எழுதிவிடலாம். அந்த ஒற்றைக் கோட்டின் மதிப்பு, தொகுப்புடன் வரும் வாசிப்புத்திறன் தரவில் விளங்கும். 44 குழந்தைகள், அவர்களில் 19 பேருக்கு டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு. ஒவ்வொருவருக்கும் பிழையின்றி வாசிப்பதற்கான மதிப்பெண்ணும் மொழிசாரா நுண்ணறிவு அளவும் தரப்பட்டிருக்கின்றன. நுண்ணறிவு சராசரி அளவில் இருக்கையில், குறைபாடுள்ள குழந்தைகளின் எதிர்பார்ப்பு மதிப்பெண் ஏறத்தாழ 0.59, மற்றவர்களுக்கு 0.87. இது எந்த முறையிலும் தெரிந்துவிடும் செய்தி. சிதறலைப் பார்த்தால்தான் வியப்பு: முதல் குழுவின் திட்டவிலக்கம் 0.04 அளவில் ஒடுங்கியிருக்க, இரண்டாம் குழுவினுடையது 0.14 வரை விரிகிறது. மற்றக் குழந்தைகளின் மதிப்பெண் நுண்ணறிவோடு சேர்ந்து ஏற, குறைபாடுள்ள குழந்தைகளிடம் அந்த ஏற்றம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சராசரியை மட்டும் கேட்டிருந்தால் இந்தக் குழந்தைகளைப் பற்றி நாம் அறிந்துகொள்வது பாதியாகத்தான் இருந்திருக்கும்.

அந்தத் தரவிலேயே ஒரு நெருடலும் ஒளிந்திருக்கிறது. முழு மதிப்பெண் பெற்ற குழந்தைகளுக்கு 1 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0.99 என்று திருத்தி வைத்திருக்கிறார்கள். காரணம், பீட்டா பரவலில் சரியாகப் பூச்சியமும் சரியாக ஒன்றும் வரவே முடியாது. நெடுங்காலம் இதுதான் பீட்டாரெக்கின் தீராத நோயாக இருந்தது. தரவில் ஒரே ஒரு பூச்சியம் இருந்தாலும், எல்லா மதிப்புகளும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டு நின்றுவிடும். உண்மையான கள ஆய்வில் பூச்சியம் இல்லாத கோப்பு எங்கே கிடைக்கிறது? நோயே தாக்காத இலைதானே உழவர் எதிர்பார்ப்பது!

எல்லாரும் செய்ததையே நானும் அப்போது செய்தேன். 2006-இல் ஸ்மித்சனும் வெர்குய்லனும் சொன்ன சுருக்க வாய்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு மதிப்பையும் மொத்த வரிசைகளில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி, அரையைக் கூட்டி, மொத்த வரிசைகளால் வகுத்தால், பூச்சியமும் ஒன்றும் கொஞ்சம் உள்ளே தள்ளப்படும். தொடக்கத்தில் நிம்மதியாக இருந்தது. பிறகு ஒருமுறை, முதல் தவணையாக வந்த 100 வரிசைகளில் ஓட்டிய மாதிரியை, முழுக் கோப்பும் சேர்ந்தபின் 1000 வரிசைகளில் மீண்டும் ஓட்டியபோதுதான் உறைத்தது. 100 வரிசையில் பூச்சியம் 0.005 ஆகிறது. 1000 வரிசையில் அதே பூச்சியம் 0.0005 ஆகிறது. லாஜிட் அளவில் முதலாவது மைனஸ் 5.3, இரண்டாவது மைனஸ் 7.6. இலை மாறவில்லை, அதை அளந்த கையும் மாறவில்லை. பக்கத்து வயல்களின் வரிசைகள் வந்து சேர்ந்ததால் மட்டும் அந்த இலையின் எண் அவ்வளவு தூரம் கீழே போய்விட்டது. பூச்சியங்கள் கணிசமாக இருந்ததால் கெழுக்களும் அதோடு நகர்ந்துவிட்டன. அன்று முதல் இந்த வாய்பாட்டை, பூச்சியங்களை விரல்விட்டு எண்ணக்கூடிய கோப்புகளுக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். அங்கும் அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

3.2 பதிப்பு இந்த இடத்தில்தான் தொகுப்பின் தலையெழுத்தை மாற்றியது. காஸ்மிடிஸும் சைலைஸும் வகுத்த விரிவாக்கப்பட்ட பீட்டா பரவல் இப்போது உள்ளே இருக்கிறது. பூச்சியத்துக்குக் கீழும் ஒன்றுக்கு மேலும் சிறிது தூரம் பரவல் நீண்டிருப்பதாக வைத்துக்கொண்டு, வெளியே விழும் பகுதியை விளிம்பிலேயே குவித்துவிடுவது அதன் உத்தி. எவ்வளவு தூரம் நீள வேண்டும் என்பதைத் தரவே சொல்கிறது. தரவில் விளிம்பு மதிப்புகள் இருந்தால் தொகுப்பு தானாகவே இந்த முறைக்கு மாறிக்கொள்கிறது. மேலே சொன்ன வாசிப்புத் தரவில்கூட, வெட்டப்படாத முழு மதிப்பெண்கள் ஒரு தனி நெடுவரிசையாகத் திரும்ப வந்திருக்கின்றன. அதைக் கண்டபோது, பழைய கடன் ஒன்றைச் சத்தமில்லாமல் தீர்த்துவிட்டார்கள் என்று தோன்றியது. பெரிய கோப்புகளில் கணக்கு மெதுவாகிறது என்பதைத் தவிர இதில் எனக்குக் குறையில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்த முறை, விளிம்பில் இருப்பவையும் உள்ளே இருப்பவையும் ஒரே செயல்முறையிலிருந்து வந்தவை என்று எடுத்துக்கொள்கிறது. நோய் தொற்றவே இல்லாத வயலுக்கும், தொற்றியும் குறைவாகப் பரவிய வயலுக்கும் காரணங்கள் வேறு என்று நீங்கள் நம்பினால், பூச்சியமா இல்லையா என்பதைத் தனி மாதிரியாகவும், இல்லையெனில் எவ்வளவு என்பதை மற்றொரு மாதிரியாகவும் அமைக்கும் முறைகளுக்குப் போக வேண்டும். ‘கேம்எல்எஸ்எஸ்’ தொகுப்பிலும் முன்னறிவையும் தரவோடு சேர்த்துக் கணிக்கும் பேய்சிய வழியில் செல்லும் ‘பிஆர்எம்எஸ்’ தொகுப்பிலும் அவை கிடைக்கின்றன. இரண்டு மாதிரிகள் வேண்டாம், ஒரே அடிப்படை அளவில் விளிம்புகளையும் நடுவையும் வரிசைப்படுத்தினால் போதும் என்பவர்களுக்கு ராபர்ட் குபினெக் 2022-இல் முன்வைத்த வரிசைமுறைப் பீட்டா மாதிரி இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை, பீட்டாரெக்கின் குறையைப் பற்றியதன்று, அதைத் தேடி வருபவர்களின் அவசரத்தைப் பற்றியது. எல்லா விழுக்காடும் இந்தக் கடைக்கு வர வேண்டிய சரக்கு அல்ல. விதை முளைப்புத்திறன் சோதனையில் 400 விதைகளை விதைத்து 348 முளைத்தால் 87 விழுக்காடு என்று எழுதுகிறோம். இங்கே விழுக்காடு என்பது எண்ணிக்கையின் மறுவடிவம் மட்டுமே. 400-இல் 348 என்பதற்கும் 100-இல் 87 என்பதற்கும் உள்ள நம்பகத்தன்மை வேறுபாட்டை, வகுத்த அந்தக் கணத்திலேயே தொலைத்துவிடுகிறோம். அத்தகைய தரவுக்கு, ‘இத்தனையில் இத்தனை’ என்ற எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளும் ஈருறுப்பு மாதிரியே போதும். சிதறல் எதிர்பார்த்ததைவிட மிகுந்தால் பீட்டா-ஈருறுப்பு மாதிரி இருக்கிறது. இலைப்பரப்பு, நேரம், பணம், எடை என்று தொடர்ச்சியான ஒன்றின் பங்காக வரும் விழுக்காடுகளுக்குத்தான் பீட்டாரெக். கோப்பைக் கொண்டுவருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘வகுக்கும் எண் எதுங்க?’ என்பதுதான். பாதிப் பேர் எண்ணிக்கைகளை அழித்துவிட்டு விழுக்காட்டை மட்டும் வைத்திருப்பார்கள்.

பழைய பாடநூல்களில் வரும், பங்கின் வர்க்கமூலத்துக்குச் சைன் நேர்மாறு எடுக்கும் உருமாற்றத்தோடு ஒப்பிட வேண்டிய தேவை இன்று இல்லை. அதன் அளவில் வரும் கெழுவுக்கு யாராலும் பொருள் சொல்ல முடியாது. சராசரி ஒன்றே போதும், பரவலின் வடிவம் பற்றிக் கவலையில்லை என்பவர்களுக்குப் பீட்டாரெக்கைவிட எளிய வழி ஒன்று உண்டு. பார்லி இலைநோய்த் தரவில் 1974-இல் வெடர்பர்ன் காட்டிய பாதையில், ஓய்வூதியத் திட்டங்களில் சேர்ந்தோர் விகிதத்தை ஆராய்ந்த பாப்கேயும் வூல்ட்ரிஜும் 1996-இல் பொருளியலுக்குக் கொண்டுவந்த பின்ன லாஜிட் மாதிரி அது. பூச்சியமும் ஒன்றும் அதற்குத் தொல்லையே இல்லை. ஆர் மொழியின் அடிப்படைக் கட்டளையிலேயே, திட்டப்பிழைகளை (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடக்கூடும் என்ற அளவு) மட்டும் உறுதியான முறையில் திருத்திக்கொண்டு ஓட்டிவிடலாம். ஆனால் ‘பத்தில் ஒரு வயலில் பாதிப்பு எவ்வளவுக்கு மேல் போகும்?’ என்பது போன்ற கேள்விக்கு அதனால் விடை சொல்ல முடியாது. பீட்டாரெக் இத்தகைய எல்லைகளை, அதாவது நூற்றுமானங்களை, நேரடியாகக் கணித்துக் கொடுத்துவிடும். என் வேலையில் இத்தகைய கேள்விகள்தான் அதிகம் என்பதால் இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்க நான் நெடுநேரம் யோசிப்பதில்லை.

தீராத குறை ஒன்று இருக்கிறது. ஒரே வயலில் பத்துச் செடி, ஒரே செடியில் ஐந்து இலை என்று கொத்துக்கொத்தாக வரும் தரவில், ஒரே கொத்தின் அளவீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கணக்கில் எடுக்கும் சமவாய்ப்பு விளைவுகளாக வயலையும் செடியையும் சேர்ப்பதற்குப் பீட்டாரெக்கில் இடமில்லை. அவற்றைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் திட்டப்பிழைகள் பொய்யாகச் சிறுத்துப்போகும். அத்தகைய கோப்பு வந்தால் நான் ‘ஜிஎல்எம்எம்டிஎம்பி’ தொகுப்புக்குப் போய்விடுகிறேன். பீட்டா குடும்பமும் வரிசைமுறைப் பீட்டாவும் அங்கே இருக்கின்றன, துல்லியத்துக்குத் தனி வாய்பாடும் எழுதலாம். அப்படியும், கொத்து இல்லாத கோப்பு வரும்போது மீண்டும் பீட்டாரெக்குக்கே திரும்புகிறேன். பிறழ்ச்சி திருத்திய மதிப்பீடு அதில் இருப்பது ஒரு காரணம். பெட்ரோல் தரவைப் போல 32 வரிசையில் 12 பண்பளவைகளை மதிப்பிட வேண்டிய நிலையில், துல்லியம் உள்ளதைவிட மிகையாகவே மதிப்பிடப்படும். அதைத் திருத்த மதிப்பீட்டு வகையை மாற்றி ஒரு சொல் சேர்த்தால் போதும். கையேடு கணிதம் தெரியாதவர்களுக்குக் கரடுமுரடாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதில் உள்ள எடுத்துக்காட்டுகள் ஒன்றுவிடாமல் ஓடுகின்றன. இலவச மென்பொருள்களில் அது எவ்வளவு அரிது என்பது, நள்ளிரவில் வேறு தொகுப்புகளின் கையேட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.